இன்னும் ஒன்றரை மணித்தியாலம்

எங்கட அம்மாவுக்கு பார்க்கின்சன். நாளுக்கு ஐந்து தரம் லெவோடோபா குளிசை. அதுக்கு நேரம்தான் முக்கியம். பிந்தினால் கை கால் விறைச்சுப்போகும். இறைச்சி, பருப்போட சேர்த்துப் போட்டால் அதில இருக்கிற புரதம் மருந்தை உடம்பில சேர விடாது. அதனால சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னம் போடச் சொல்லுவினம். நானும் மனிசியும் வேலைக்குப் போனால் பகலில அம்மா தனிய. நொய்கெல்ன் வீட்டுக் குசினிச் சுவரில ஒரு பழைய டாப்லெட்டைக் கொழுவி, அடுத்த குளிசைக்கு இன்னும் எவ்வளவு நேரம் எண்டு தமிழில காட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதினன்.

கணக்கு சின்னப்பிள்ளைக் கணக்கு. கம்ப்யூட்டர் 5400 செக்கன் எண்டு தரும். 3600 ஆல பிரிச்சால் 1, மிச்சம் 1800. அதை 60 ஆல பிரிச்சால் 30. இதைச் சொல்லாக்கிறதுதான் வேலை.

ஆங்கிலத்தில முன்னுக்கு ஒரு 'இன்', பின்னுக்கு ஒரு 'அகோ' போட்டால் அலுவல் முடிஞ்சுது. தமிழில சொல்லே உருமாறும்: நிமிடம், நிமிடத்தில், நிமிடங்களுக்கு முன். ஜாவாஸ்கிரிப்ட் எழுதிறவை கனகாலம் பாவிச்ச மொமென்ட் நூலகத்தின்ர தமிழ்க் கோப்பில எதிர்காலத்துக்கு 'இல்' எண்டு தனியா நிக்குது. அதால வெளியில வாறது '3 நாட்கள் இல்'. ஜெர்மனுக்கும் இந்தத் தலையிடி இருக்கு: 'ட்ரை டாகெ', ஆனால் 'இன் ட்ரை டாகென்'. யூனிகோட் அமைப்பின்ர சி.எல்.டி.ஆர் தரவில இதுக்காகவே 'நாட்களில்', 'நாட்களுக்கு முன்' எண்டு முழுத் துண்டாக வைச்சிருக்கினம். நாளை மறுநாளுக்கும் தனி இடம் இருக்கு, ஜெர்மன் 'யூபர்மோர்கன்' மாதிரி. ஆங்கிலத்தில இண்டைக்குப் புழங்கிற சொல் அதுக்கு இல்லை. அதில எனக்குக் கொஞ்சம் சந்தோசம்தான்.

அடுத்தது, எவ்வளவு துல்லியம். மொமென்ட் வழமையில 45 நிமிடத்தை 'ஒரு மணி நேரம்' எண்டு சொல்லும், 22 மணித்தியாலத்தை 'ஒரு நாள்' எண்டு சொல்லும். ஆரோ போட்ட படத்துக்குக் கீழ அப்பிடி வந்தால் ஒருத்தருக்கும் நட்டமில்லை. குளிசைக்கு 15 நிமிடம் பெரிய விசயம். அதனால ஒரு மணித்தியாலத்துக்கு உள்ள எண்டால் நிமிடத்தை அப்பிடியே காட்டுறன். அதுக்கு மேல எண்டால் கால் மணித்தியாலத்துக்கு முழுமையாக்கிறன், அதுவும் கீழ்ப்பக்கமா மட்டும். 1 மணி 50 நிமிடம் இருந்தால் திரையில 'ஒன்றேமுக்கால்'. ரெண்டு எண்டு காட்டினால் அம்மா பத்து நிமிடம் பிந்துவா.

இப்ப பிரௌசர்களிலயே 'டியூரேஷன் ஃபார்மட்' எண்டு ஒண்டு வந்திட்டுது. 2025 மார்ச்சில இருந்து பிரதான பிரௌசர் எல்லாத்திலயும் இருக்கு. தமிழில நீளமாக எழுதித் தா எண்டு கேட்டால் மணிநேரம், நிமிடங்கள் எண்டு பிழையில்லாமல் தரும். அம்மா பார்த்திட்டு, "இதென்ன, ரேடியோச் செய்தியே?" எண்டா. 1985 இல ஷோனஃபெல்ட் விமானநிலையத்தால மேற்கு பேர்லினுக்கு வந்த மனுசி அவ; நாற்பது வருசமாச்சு, இண்டைக்கும் மணித்தியாலம்தான், ஒண்டரைதான். சி.எல்.டி.ஆரில இலங்கைத் தமிழுக்கு ஒரு தனிப் பதிவு இருக்கு, ஆனால் அதைக் கேட்டாலும் மணித்தியாலம் வராது. கடைசியில காலே, அரையே, முக்காலே எல்லாத்துக்கும் நானே ஒரு அட்டவணை எழுதினன்.

பின்னேரத்தில அம்மாவுக்குக் கண் மங்கும், அதனால எட்டு வயது மகள்தான் திரையை வாசிச்சுச் சொல்லுவா. முதல் அவ 'ஒண்டு முப்பது' எண்டுதான் சொல்லித் திரிஞ்சவ. ஒரு நாள், "ஒன்றரை எண்டால் 'அன்டர்ட்ஹால்ப்' தானே அப்பா?" எண்டு கேட்டா. அதேதான். முக்காலுக்கு 'ட்ரைஃபியர்டெல்' இருக்கு. ஜெர்மன்காரர் 'எட்டு நாள்' எண்டு சொல்லிப்போட்டு ஒரு கிழமையைக் கருதுறது மட்டும் எங்கட வீட்டில ஒருத்தருக்கும் விளங்கேல்லை.

இப்ப அம்மா அவவுக்கு நாழிகை சொல்லிக் குடுத்திருக்கிறா: ஒரு நாளுக்கு 60, ஒண்டு 24 நிமிடம். திரையிலயும் நாழிகை வேணுமாம். குளிசைக்கு வேண்டாம் எண்டு சொல்லி, அவவின்ர ரிவி நேரத்துக்கு மட்டும் போட்டுக் குடுத்திருக்கிறன். ஒரு மணித்தியாலத்தை விட ரெண்டரை நாழிகை கூட எண்டு அவவுக்கு ஒரு நினைப்பு.