தண்ணி குடிச்ச படகு

மாமா எனக்குக் கொடுத்த முதல் கருவி, பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று. ஃபைபர் படகு ஒட்டும் பட்டறைக்கு வேலை பழகப் போனவனுக்கு பிரஷ்ஷும் ரெசின் வாளியும் கிடைக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். “ஒட்டுறது அப்புறம். முதல்ல தட்டிப் பழகு மாப்ள” என்றார். பழுதுக்கு வந்து கரையில் கிடந்த படகுகளை எல்லாம் முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை சாண் சாணாகத் தட்டினேன். மூன்று மாதம் அதுதான் வேலை.

கண்ணாடி இழைப் பாயை அடுக்கடுக்காக விரித்து, ரெசின் தடவி, உருளையால் அழுத்தித்தான் ஃபைபர் படகின் உடம்பைக் கட்டுகிறார்கள். அடுக்குகள் ஒன்றோடு ஒன்று பிடித்திருந்தால் நாணயம் பட்டதும் ‘டக்’கென்று வெட்டினாற்போல் ஓசை வரும். உள்ளே காற்று நின்றிருந்தாலோ, எங்கோ மோதி அடுக்குகள் பிரிந்திருந்தாலோ ‘பொத்’தென்று அமுங்கிவிடும். புதுப் பெயிண்ட் அடித்த இடத்தில் கண் தானாகப் போய் நின்றுவிடும் என்பதால், என்னைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டச் சொல்வார். ‘பொத்’ கேட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். முடிந்ததும் அவர் வந்து தட்டிப் பார்த்து, நான் விட்ட வட்டங்களைப் போடுவார். ஆரம்பத்தில் நான் போட்டதைவிட அவர் போட்டதே அதிகம்.

மாமா அடிப்படையில் மரவேலைக்காரர். வத்தை என்கிற பலகைப் படகுகளுக்குக் கலப்பத்து பார்த்தவர். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளி வைத்து இறக்கிய கை. 2004 சுனாமிக்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் ஃபைபர் படகுகளை வரிசையாகக் கொடுத்த காலத்தில் மர வேலை குறைந்துபோக, அவரும் இந்தப் பக்கம் வந்தார். அன்றைக்கு அவசரத்தில் கட்டிய படகுகளில் பலவற்றில் பாய் குறைவு. அவற்றைப் பழுது பார்த்தே ஃபைபர் தொழிலைப் படித்தேன் என்பார். மரத்தின் மேல் அவருக்கு இருக்கிற மரியாதை இன்னும் போகவில்லை. மரம் ஒழுகினால் ஒழுகுகிற இடம் தெரியும், ஃபைபர் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் என்று அடிக்கடி சொல்வார். அதன் முழு அர்த்தமும் எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

எங்கள் கரை மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவில். கோடியக்கரை முனையைத் திரும்பிவிட்டால் கடலின் குணமே வேறு. வடக்கே நாகப்பட்டினம், கடலூர் பக்கம் கரையிலேயே அலை உடையும். அதைக் குத்தி ஏறப் படகுக்குத் தூக்கின அணியமும் கூரான அடியும் வேண்டும். எங்களுக்கு அலைக்குப் பதில் சேறு. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. பிறகு தாழை என்று நாங்கள் சொல்கிற கடல்புல் படர்ந்த தரை. 2022-ல் கடல்பசுவுக்காகக் காப்பகமாக அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் எங்கள் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரம்தான். கடல்பசு மேய்கிற அந்தப் புல்லை ஒட்டித்தான் எங்கள் நண்டு வலையும் இறங்குகிறது. படகு ஆழமாக உட்கார்ந்தால் புரொப்பெல்லர் புல்லை வேரோடு அரைக்கும், வேர் சுற்றிக்கொண்டு என்ஜினும் நின்றுவிடும். புல்லுக்கும் கேடு, பிழைப்புக்கும் கேடு.

அதனால் பழைய படகு வாங்க வருகிறவரிடம் மாமா விலையைக் கேட்கமாட்டார். “எந்தத் தண்ணியில ஓட்டப் போறீங்க? எத்தனை பேர் ஏறுவீங்க?” என்றுதான் கேட்பார். ஒருமுறை கடலூர் பக்கத்திலிருந்து வந்த படகு மலிவாகக் கிடைத்தது. உடம்பில் ஒரு ‘பொத்’ கிடையாது. பாய் கெட்டியாக ஓடியிருந்தது. நான் ஆசைப்பட்டேன். மாமா அதன் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்ல படகுதான். நம்ம தண்ணிக்கு இல்ல” என்று எழுந்துவிட்டார். நண்டு வலைக்கு எங்களுக்கு வேண்டியது 20, 22 அடி, தட்டையான அடி, குனியாமல் வலை இழுக்கத் தாழ்ந்த விளிம்பு. கழி ஊன்றித் தள்ளினால் இரண்டு பேருக்கு நகர வேண்டும்.

அவர் படகு பார்க்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். முதலில் அமரத்திலிருந்து அணியம் வரை அடியில் நூல் பிடிப்பார். நூலுக்கும் அடிக்கும் நடுவே எங்காவது விரல் நுழைந்தால், எந்த வருஷப் படகு, கஜாவில் எங்கே கிடந்தது என்று விசாரிப்பார். 2018 நவம்பர் 16 விடியற்காலை அடித்த அந்தப் புயலில் எங்கள் கரைப் படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பிளந்தவற்றை ஒட்டி மறுபடி கடலுக்கு அனுப்பியதில் எங்கள் பட்டறைக்கும் பங்கு உண்டு. ஒட்டின படகு வேண்டாம் என்று மாமா சொல்லமாட்டார். உள்பக்கமும் வெளிப்பக்கமும் அகலமாகச் சாய்த்துத் தேய்த்து ஒட்டியிருந்தால் அது நிற்கும். விரிசலின் மேல் பிளாஸ்திரி போல ஒரு துண்டுப் பாயைப் போட்டுப் பெயிண்டால் மூடியிருந்தால், அடுத்த முறை தரை தட்டும்போது அதே இடம் வாய் திறக்கும்.

அடுத்து என்ஜின் மாட்டும் பின்பலகை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி ஆட்டுவார். ஃபைபர் மூடிய பலகைக்குள் ஈரம் இறங்கியிருந்தால் போல்ட் ஓட்டையைச் சுற்றி முடியிழை மாதிரி கீறல் ஓடியிருக்கும். ஓட்டைக்குள் ஊசியை விட்டுத் திருகினால் நுனியில் பழுப்பாக மரத்தூள் ஈரத்தோடு ஒட்டிவரும். பின்பலகையின் உயரத்தையும் அளந்துகொள்ள வேண்டும். அவுட்போர்டில் குட்டைத் தண்டு 15 அங்குலம், நெட்டைத் தண்டு 20 அங்குலம். குட்டைப் பலகையில் நெட்டைத் தண்டை மாட்டிவிட்டால் அந்த 5 அங்குலமும் கீழே சேற்றில்தான். என்ஜினில் கியர் எண்ணெய்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு சொட்டை விரலில் எடுத்துப் பார்ப்பார். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஓடவிட்டால் குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் கயிறு மாதிரி தொடர்ந்து விழ வேண்டும். சேற்றுக் கடலில் ஓடின என்ஜினில் முதலில் தேய்வது அந்தத் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இதழ்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டேன் என்ற நம்பிக்கையில்தான் பெரியப்பா மகனுக்கு நானே தனியாகப் போய் ஒரு படகு பார்த்தேன். 22 அடி, என்ஜின் இல்லாமல் ₹70,000. நூல் நேராக நின்றது. பின்பலகை அசையவில்லை. மூன்றே இடத்தில்தான் ‘பொத்’, மூன்றும் விளிம்போரம். மீன்வளத்துறைப் பதிவு எண்ணையும் சரிபார்த்துவிட்டு, அண்ணனுக்கு போன் செய்து “வாங்கிடுங்கண்ணே” என்றேன்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் பட்டறைக்கு வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “தம்பி, படகு நல்லாத்தான் இருக்கு. ஆனா வத்தத்துல நகரமாட்டேங்குது. மத்த படகு போற எடத்துல இது தரை தட்டுது. நேத்து ரெண்டு பேரும் எறங்கி, தொடை அளவு சேத்துல நின்னு தள்ளுனோம்” என்றார். எங்கள் கடலில் ஏற்றவற்றமே முழங்காலளவுதான். அதில் நாலு விரல் போனால் நண்டு வலைக்காரருக்கு அன்றைய காலை போய்விடும்.

மாமா என்னைத் திட்டவில்லை. படகை இடுப்பளவுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அமரத்தில் தண்ணீர் தொட்ட இடத்தில் ஆணியால் ஒரு கோடு கிழிக்கச் சொன்னார். பிறகு கரையேற்றி, பின்பக்கத் தட்டை என்னையே அறுக்கச் சொன்னார். கவிழ்ந்தாலும் மிதப்பதற்காக அதனடியில் ஃபோம் நிரப்பியிருப்பார்கள். கையை விட்டு ஒரு பிடி பிய்த்தேன். பழைய சோற்றைப் பிழிந்தாற்போல் விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. கறுத்த, நாற்றமெடுத்த உப்புத் தண்ணீர். தட்டில் பிடி திருகிய ஓட்டைகளில் இரண்டு அடைபடாமல் கிடந்தன. வருடக்கணக்காக அதன் வழியே இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. நான் அடியையும் விலாவையும் தட்டினேன். நின்று பேசிக்கொண்டிருந்த தட்டைத் தட்டவில்லை.

சுரண்டி எடுக்க ஒன்றரை நாள் ஆனது. மாமா கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த அளவுப் படகை ஒரு சென்டிமீட்டர் அமுக்க ஏறத்தாழ 75 கிலோ போதும். அது படகு முழுவதும் பரவி நிற்கிற எடைக்கு. அதே எடை அமரத்தில் மட்டும் உட்கார்ந்தால் அணியம் எழும்பி, பின்பக்கம் பல மடங்கு இறங்கும். புரொப்பெல்லர் இருப்பதோ அங்கேதான்.

ஃபோம் இருந்த அறையை ஒரு வாரம் வெயிலில் காயவைத்தோம். ஃபோமுக்குப் பதிலாக, மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன்களை அடுக்கிக் கட்டினோம். தட்டை ஒட்டி, கையை விட்டுத் துடைக்க ஒரு திறப்பும், தண்ணீர் வடியத் தக்கை வைத்த ஓட்டையும் வைத்தேன். கூலியும் பொருளும் என் கணக்கில். அண்ணன் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை.

மறுபடி அதே இடத்தில் மிதக்கவிட்டோம். நான் கிழித்த கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மாமா தண்ணீரில் இறங்கி, கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே விரல்களைச் சேர்த்து வைத்து அளந்தார். நாலு விரல் சரியாக நுழைந்தது. அண்ணன் கழியை எடுத்து ஊன்றி ஒரு தள்ளு தள்ளினார். படகு தாழைக்கு மேலே சத்தமில்லாமல் போனது.