பதிவு மேசையிலிருந்து புறப்பட்ட செய்தி

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளியைப் பற்றி வேறொரு மருத்துவமனையில் ஏற்கெனவே உள்ள குறிப்புகள், அதாவது அவருக்கு ஒவ்வாத மருந்துகள், முன்பு செய்த இரத்தப் பரிசோதனைகள், எடுத்த இதய வரைபடம் ஆகியவை, மருத்துவரின் திரையில் தோன்றும் ஏற்பாட்டின் தொடக்கத்தைத் தேடுவோர், அது உயிர்காக்கும் அவசரத்திலிருந்தே பிறந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அமெரிக்க மருத்துவமனைகளில் இப்பரிமாற்றத்தைத் தூண்டிவிடும் கணினிச் செய்தியைப் பிரித்துப் படித்தால், அதில் நோயைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் இராது. பெயர், பிறந்த நாள், பால், முகவரி, பதிவு எண், நோயாளி வைக்கப்பட்டுள்ள இடம், காப்பீட்டு விவரம் ஆகியவையே நிறைந்திருக்கும்.

ஏ.டி.டி. என்று மருத்துவமனைக் கணினிப் பிரிவினர் சுருக்கமாகக் குறிப்பிடும் இச்செய்தி, சேர்க்கை, விடுவிப்பு, இடமாற்றம் முதலான நிர்வாக நிகழ்வுகளை அறிவிப்பது. நோயாளியை உள்நோயாளியாகச் சேர்த்தால் ஏ01, பதிவு மட்டும் செய்தால் ஏ04, வீட்டுக்கு அனுப்பினால் ஏ03, விவரங்களைத் திருத்தினால் ஏ08 என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு குறியீடு உண்டு. செய்தியின் ஒவ்வொரு வரியும் அவ்வரி எதைப் பற்றியது என்பதைக் காட்டும் மூன்று எழுத்துகளோடு தொடங்க, வரிக்குள் உள்ள விவரங்கள் செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்படுகின்றன. பெறும் கணினி, கிடைத்தது என்னும் ஒப்புதலைத் திருப்பி அனுப்பும் வரையில் அனுப்பிய கணினி பெரும்பாலும் அடுத்த செய்தியை விடுப்பதில்லை. இந்த அமைப்பை அழகற்றது எனப் பொறியாளர்கள் குறை கூறுவதுண்டு; எனினும், கோளாறு நேரும்போது தனிக் கருவி எதுவுமின்றி வெறும் கண்ணால் படித்துவிடலாம் என்பதே அது இத்தனை காலம் நிலைத்ததற்கு ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

இதன் இலக்கணத்தை வகுத்தது எச்.எல்.7 என்னும் தரநிலையாகும். கணினிகளின் உரையாடலை ஏழு அடுக்குகளாகப் பகுக்கும் பன்னாட்டு மாதிரியில், செய்தியின் பொருளைக் கையாளும் மேலடுக்கான ஏழாவதையே அப்பெயரிலுள்ள எண் சுட்டுகிறது. 1987 மார்ச்சில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் சாம் சுல்ட்ஸ் என்பவர் கூட்டிய கூட்டத்தில் இம்முயற்சி தொடங்கியது. ஆயினும் தேடல் அங்கே முடிவதில்லை. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில், டொனால்ட் சிம்போர்க் என்னும் மருத்துவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்முறை இயற்பியல் ஆய்வகத்தாருடன் சேர்ந்து, வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கணினிகளை ஒரே வலையமைப்பில் பேச வைத்திருந்தார். ஆய்வகம் ஒரு கணினியையும் கதிரியக்கப் பிரிவு வேறொன்றையும் தத்தம் தேவைக்கேற்ப வாங்கிக்கொண்டதால், ஒரே நோயாளியின் பெயரை ஒவ்வொரு பிரிவும் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்த காலம் அது. ஆகவே, பதிவு மேசையில் ஒருமுறை எழுதப்பட்டதைப் பிற பிரிவுகளுக்கெல்லாம் அறிவிப்பதே இத்தகைய ஏற்பாட்டின் முதல் வேலையாயிற்று. இவையெல்லாம் ஒரே மருத்துவமனையின் சுவர்களுக்குள் நடந்தவை என்பதையும், அவசர சிகிச்சை அப்போது எவருடைய முதன்மை நோக்கமாகவும் இருக்கவில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

செய்தி சுவரைத் தாண்டிய வரலாறு இண்டியானாபொலிஸ் நகரத்துக்கு உரியது. பாத்திரம் கழுவும் இயந்திரங்களைச் செய்து பெருஞ்செல்வம் ஈட்டிய சாம் ரீகன்ஸ்ட்ரீஃபின் கொடையால் எழுந்த ஆய்வு நிறுவனத்தில், கிளமென்ட் மெக்டொனால்ட் என்னும் மருத்துவர் 1972இல் நீரிழிவு நோயாளிகள் 35 பேரைக் கொண்டு கணினி மருத்துவப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். அது விஷார்ட் மருத்துவமனையின் பெரும் பதிவேடாக வளர்ந்த பின், 1990களின் இடைப்பகுதியில், அந்நகரின் பிற மருத்துவமனைகளது அவசரப் பிரிவுகளுக்கும் அதிலுள்ள குறிப்புகளைத் தருவதற்கு வழி செய்யப்பட்டது. அதற்கெனப் புதிய செய்தி எதையும் அவர்கள் புனையவில்லை. அவசரப் பிரிவின் பதிவு மேசையிலிருந்து வழக்கமாகக் கிளம்பும் செய்தியே, இந்நோயாளி இப்போது இங்கே இருக்கிறார் என்பதற்கான சான்றாகக் கொள்ளப்பட்டு, அவருடைய சுருக்கக் குறிப்பு அங்கே அச்சாவதற்கும், மருத்துவர் அப்பதிவேட்டைக் குறிப்பிட்ட நேரம் வரை மட்டும் பார்ப்பதற்கும் வாயில் திறந்தது. பழைய நிர்வாகச் செய்தியையே தனியுரிமைக் காவலாகவும் மாற்றிய இந்த உத்தி, இவ்வரலாற்றிலேயே மிகுந்த நுட்பம் வாய்ந்த செயல் எனலாம்.

விஷார்டில் உள்ள பெயரும் அவசரப் பிரிவில் எழுதப்பட்ட பெயரும் ஒரே மனிதரைக் குறிப்பவையா என்னும் கேள்வியோ எளிதில் தீரவில்லை. அமெரிக்காவில் நோயாளிகளுக்குப் பொது அடையாள எண் கிடையாது. 1996ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதற்கு வகை செய்தபோதும், 1998 முதல் நாடாளுமன்றம் அதற்கான நிதியைத் தடுத்தது. ஆகவே பெயர், பிறந்த நாள், பால் போன்ற விவரங்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு பொருத்தத்துக்கும் அதன் அரிய தன்மைக்கேற்ப எடை தந்து, இருவரும் ஒருவரே என்பதற்கான வாய்ப்பைக் கணக்கிடும் முறை வேண்டியதாயிற்று. இம்முறையின் வேர் மருத்துவமனைக்கு வெகு தொலைவில், கனடாவில் உள்ளது: கதிர்வீச்சு தலைமுறைகளில் விளைவிக்கும் மரபுக் கேடுகளை ஆராய விரும்பிய ஹோவர்ட் நியூகோம், பிரிட்டிஷ் கொலம்பியாவின் திருமணப் பதிவுகளையும் பிறப்புப் பதிவுகளையும் கணினியால் இணைத்து 1959இல் வெளியிட்ட ஆய்வும், அதற்குக் கணித அடித்தளம் அமைத்து ஃபெல்லெகி, சன்டர் என்னும் இருவர் 1969இல் எழுதிய கட்டுரையுமே அவ்வேர்.

இண்டியானாபொலிஸ் ஏற்பாட்டின் பயனை அளந்த சோதனை 2002இல் வெளிவந்தது. வெளிக்குறிப்பு கிடைத்த நோயாளிகளின் அவசரப் பிரிவுக் கட்டணம் ஒரு மருத்துவமனையில் வருகைக்கு 26 டாலர் குறைந்திருந்தது. மற்றொன்றில் வேறுபாடு இல்லை. பெரும் நன்மையை எதிர்பார்த்தோர்க்கு இது ஏமாற்றமே. ஆனால் பதிவு மேசையிலும் கணக்குப் பிரிவிலும் வேர்கொண்ட ஒன்றின் பயன் முதலில் கட்டணச் சீட்டில் தென்பட்டதில் வியப்பில்லை.

2011இல் ஆஸ்திரேலியரான கிரஹாம் க்ரீவ் முன்மொழிந்த ஃபயர் என்னும் புதிய தரநிலை, வலைத்தளங்கள் இயங்கும் முறையிலேயே மருத்துவத் தகவலைக் கேட்டுப் பெற உதவுகிறது. அதற்குப் பின்னரும் பழைய செய்தி ஒதுங்கிவிடவில்லை; நோயாளி அவசரப் பிரிவுக்கு வந்ததை அவருடைய வழக்கமான மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும் என அமெரிக்க அரசு 2020இல் வெளியிட்டு 2021இல் நடைமுறைப்படுத்திய விதி, அதனையே சார்ந்துள்ளது.

நினைவிழந்த நிலையில், உடன் எவருமின்றிக் கொண்டுவரப்படும் நோயாளிக்கு, முற்குறிப்பின் தேவை மிகுதியாக இருந்தும், பதிவு மேசையில் தற்காலிகப் பெயரொன்றே இடப்படுகிறது. அப்பெயரைச் சுமந்து செல்லும் செய்திக்கு எந்தப் பதிவேடும் விடை தருவதில்லை. உண்மைப் பெயர் தெரிந்த பின்னர் இரு பதிவுகளையும் ஒன்றாக்க ஏ40 என்னும் இணைப்புச் செய்தி அனுப்பப்படுகிறது. பழைய குறிப்புகளும் அதன் பிறகே வந்து சேர்கின்றன.