பேய் வராத பேய்ப் படம்

இரவுக் காவலுக்குப் பரணில் படுத்தவர்களுக்கு இது தெரியும். கடலைக் காட்டுக்குள் இறங்கிய பன்றி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டால் பாதிப் பயம் போய்விடும். கத்தலாம், தகரத்தைத் தட்டலாம், டார்ச் அடித்து விரட்டலாம். காய்ந்த சருகு ஒரு முறை நொறுங்கிவிட்டு, அதற்குப் பிறகு சத்தமே இல்லாமல் போகிற அந்த இரண்டு நிமிடம்தான் பெரும்பாடு.

அந்த இரண்டு நிமிடத்தை மட்டுமே மூலதனமாக வைத்து எடுத்த ஓர் அமெரிக்கப் படம், 1999-ம் ஆண்டு தியேட்டர்களை நிரப்பியது. பெயர், 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்'. பிளேர் என்ற இடத்துச் சூனியக்காரியைத் தேடிப் போகிறவர்களின் கதை.

படம் தொடங்கும்போது திரையில் ஒரு தகவல் வருகிறது. 1994 அக்டோபரில், மேரிலாண்ட் மாநிலத்தின் பர்கிட்ஸ்வில் ஊரை ஒட்டிய காட்டுக்கு ஆவணப்படம் எடுக்கப் போன மூன்று மாணவர்கள் காணாமல் போனார்கள். ஓராண்டு கழித்து அவர்கள் எடுத்த காட்சிகள் கிடைத்தன என்கிறது அது. பிறகு 81 நிமிடங்களுக்கு, அந்த மூவரின் கையில் இருந்த கேமரா கண்டது மட்டும்தான் படம். பயமுறுத்தும் பின்னணி இசை கிடையாது. சூனியக்காரி கடைசி வரைக்கும் வருவதே இல்லை. கூடாரத்துக்கு வெளியே குவித்து வைத்த கற்கள், மரத்தில் தொங்கும் குச்சிப் பொம்மைகள், இருட்டில் எங்கிருந்தோ கேட்கும் குழந்தைகளின் குரல்... இவ்வளவுதான் காட்டுகிறார்கள்.

எட்டே நாள் படப்பிடிப்பு

டேனியல் மைரிக், எட்வர்டோ சான்செஸ் என்ற இரண்டு இளைஞர்கள் இயக்கிய படம் இது. ஃபுளோரிடாவில் சினிமா படித்தவர்கள். 1997 அக்டோபரில் எட்டு நாளில் படப்பிடிப்பை முடித்துவிட்டார்கள். ஆன செலவு அதிகபட்சம் 60,000 டாலர் என்கிறார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 22 லட்சம் ரூபாய்.

கேமராமேன் என்று தனியாக யாரும் கிடையாது. நடித்த மூவரின் கையிலேயே, வீட்டு விசேஷத்துக்கு எடுக்கிற மாதிரி ஒரு வீடியோ கேமராவையும், ஒரு கறுப்பு வெள்ளை ஃபிலிம் கேமராவையும் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பினார்கள். அன்றன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி, ஃபிலிம் டப்பாவில் போட்டு, வழியில் வைத்துவிடுவார்கள். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. வசனத்தை அவர்களே பேசிக்கொள்ள வேண்டும். நாளாக ஆகச் சாப்பாட்டின் அளவைக் குறைத்தார்கள். ராத்திரியில் இயக்குநர்களே வந்து கூடாரத்தைப் பிடித்து உலுக்கினார்கள். குழந்தைகளின் குரலை டேப்பில் ஒலிக்கவிட்டார்கள். என்ன வரப்போகிறது என்று முன்கூட்டித் தெரியாததால், திரையில் தெரிகிற பதற்றத்தில் பாதி நிஜம். பசியில் வருகிற எரிச்சலும் நிஜம்.

தியேட்டரில் நடந்தது

இந்தப் படத்தைத் தியேட்டரில் பார்ப்பதும் வீட்டு டிவியில் பார்ப்பதும் ஒன்றல்ல. ராத்திரிக் காட்சிகளில் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும். திரையில் வெளிச்சம் இல்லையென்றால் கொட்டகைக்குள்ளும் வெளிச்சம் இருக்காது. பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியாது. கூடாரத்துக்குள் இருக்கிற மூவரும், சீட்டில் இருக்கிற முந்நூறு பேரும் ஒரே இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எங்கோ ஒரு குச்சி ஒடிகிற சத்தம் கேட்கும். அதை ஒடித்தது எது என்பதை அவரவர் மனசுதான் வரைந்துகொள்ளும். சின்ன வயதில் பாட்டி சொன்ன பேய் எதுவோ, அதுதான் அவரவருக்கு அங்கே வரும். கோடி ரூபாய் செலவழித்து வரைந்தாலும் அந்தப் பேய்க்கு ஈடாகாது.

பயத்தைத் தவிர இன்னொரு தொல்லையும் இருந்தது. ஓடுகிறவர் கையில் இருக்கிற கேமரா நிலையாக நிற்குமா? காட்சி குலுங்கிக்கொண்டே இருந்ததால், பார்த்தவர்களில் சிலருக்குத் தலைசுற்றி வாந்தியே வந்துவிட்டது. மலைப்பாதை பஸ்ஸில் வருகிற அதே குமட்டல்தான். கண், 'ஓடுகிறோம்' என்கிறது. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு, 'உட்கார்ந்துதான் இருக்கிறோம்' என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வயிற்றைப் புரட்டுகிறது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு இன்னும் சிரமம்.

'ஒன்றுமே வரவில்லையே, இதற்கா டிக்கெட்' என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தவர்களும் நிறைய உண்டு. ஆனாலும் படம் உலகம் முழுக்க ஏறத்தாழ 24.8 கோடி டாலர் வசூலித்தது. அன்றைய கணக்கில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

அவ்வளவு கூட்டம் வந்ததற்குக் காரணம், இது நடந்த கதை என்று பலர் நம்பியதுதான். படம் வருவதற்கு முன்பே, அந்த மூவரும் காணாமல் போனதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். இணையதளத்தில் போலீஸ் அறிக்கை போன்ற தாள்களைப் போட்டார்கள். நடிகர்கள் சொந்தப் பெயரிலேயே நடித்திருந்தார்கள். அவர்களை விளம்பரங்களில் தலைகாட்ட விடவில்லை. நாயகியின் அம்மாவுக்கு, 'உங்கள் மகளை இழந்ததற்கு வருந்துகிறோம்' என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதிய கடிதங்கள் வந்தன. மகளோ உயிரோடுதான் இருந்தார்.

பர்கிட்ஸ்வில் பட்ட பாடு

கதையில் வரும் காடும் சூனியக்காரியும் கற்பனை. ஆனால், பர்கிட்ஸ்வில் நிஜமான ஊர். சுற்றிலும் விவசாய நிலம். 200 பேர்கூட இல்லாத கிராமம். காட்டுக் காட்சிகளை அங்கே எடுக்கவே இல்லை. பக்கத்து மாவட்டத்தில் இருக்கிற செனெகா கிரீக் பூங்காவில் எடுத்தார்கள். ஆனால், படம் பார்த்தவர்கள் தேடிப்போனது பர்கிட்ஸ்வில்லைத்தான். ஊர்ப் பெயர்ப் பலகையைத் திருடிக்கொண்டு போனார்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் கேமராவோடு நுழைந்தார்கள். 'அப்படி ஒருத்தி இங்கே இருந்ததே இல்லை' என்று ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். ஒரு ஊரின் மேல் கதை ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டால், இறக்கி வைப்பது லேசான வேலை இல்லை.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. படம் நேர்த்தியாக இருந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். குலுங்கிய காட்சியும், மங்கிய வெளிச்சமும், கரகரத்த குரலும்தான் அதை நிஜமாக்கின. அரைகுறையாக இருக்கிற ஒன்றை யாரும் வேலை மெனக்கெட்டு ஜோடித்திருக்க மாட்டார்கள் என்று மனசு நினைத்துக்கொள்கிறது.

விளக்குப் போடாத தியேட்டர்

தியேட்டரில் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். நடித்தவர், இயக்கியவர் பெயரெல்லாம் திரையில் ஓடும். நம்பியவர்களும் கொஞ்ச நாளில், 'படம்தானே' என்று தெளிந்தார்கள். இன்றைக்கு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிற திரைக்கு அப்படி விளக்குப் போட ஆள் இல்லை.

பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்புக்காக ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தார்கள். தெருவில் விளையாடும் சிறுவனை பைக்கில் வந்த இருவர் தூக்கிக்கொண்டு போவார்கள். சிறிது தூரம் போய்த் திரும்பிவந்து, குழந்தையை இறக்கிவிட்டு, 'ஒரு நொடி போதும், குழந்தையைத் தூக்கிவிடலாம். கவனம்' என்ற பொருளில் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்த துண்டு, 2018-ல் 'பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள்' என்ற செய்தியோடு இந்தியாவில் வாட்ஸ்அப்பில் பரவியது. இதைப் போன்ற வதந்திகளால் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குலதெய்வம் கும்பிட வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகப்பட்ட கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அடித்தவர்கள் ஊர் பேர் தெரியாத ரவுடிகள் அல்ல. தங்கள் பிள்ளைகளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துபோயிருந்த கிராமத்து மக்கள்.

விதை வாங்கும்போது பையில் இருக்கிற சான்று அட்டையைத் திருப்பிப் பார்க்காத விவசாயி இல்லை. குவியல் எண் என்ன, பரிசோதித்த தேதி எது, எதுவரை செல்லும், யார் உற்பத்தி செய்தது என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறார். அட்டை இல்லாத விதையை ஓசியில் கொடுத்தாலும் வயலில் விடத் தயங்குவார். போனில் வருகிற நடுங்குகிற காட்சிக்கும் அதே கேள்விகள் பொருந்தும். எடுத்தது யார், எந்த ஊர், எந்தத் தேதி, இதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது? விடை தெரியும் வரைக்கும் அடுத்தவருக்கு அனுப்பாமல் இருந்தாலே போதும்.