அப்பாவின் இருமலும் குற்றாலத்து அருவியும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. சும்மா ஒரு குற்றால சீசன் பதிவு போடலாம்னுதான் உக்காந்தேன். எழுத எழுத அது அப்பாவோட மாத்திரை டப்பா பக்கம் போயிருச்சு. பரவாயில்ல, அருவியும் வரும், படிங்க.

எங்க வீடு மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல. ஆனி மாசம் சாரல் விழுந்துட்டா அப்பாவை வீட்டுல பிடிக்க முடியாது. விடியக்காலையிலயே தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிருவார். பேரருவியில கூட்டம்னா ஐந்தருவி, அங்கேயும் கூட்டம்னா பழைய குற்றாலம். திரும்பி வந்து நாலு இட்லி. சின்ன வயசுலேருந்து இதான் பழக்கம்.

2022 சீசனுக்குக் கொஞ்சம் முன்னாடி அப்பாவுக்கு பிரஷர் 160/100 இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. எனலாப்ரில்னு ஒரு மாத்திரை கொடுத்தாங்க. மூணு வாரத்துல இருமல் வந்துச்சு. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. தொண்டையில யாரோ கோழி இறகை வெச்சுக் கிச்சுக்கிச்சு மூட்டுற மாதிரி வறட்டு இருமல். படுத்தா இன்னும் ஜாஸ்தி.

நான் அப்ப சென்னையில. அம்மா தினம் போன். "ஒங்கப்பா ராத்திரி பூரா இருமுதாவ. சொன்னா கேக்காம அருவியில போய் நிக்காவ. நீயாவது சொல்லு."

நானும் சொன்னேன். அதாவது திட்டினேன். "எழுபது வயசுல எதுக்குப்பா அருவி?" அவர் போன்லயே இருமிக்கிட்டு, "எல, அறுபது வருசமா குளிக்கேன், அருவி இப்பத்தான் புதுசா கெடுதல் பண்ணுதாக்கும்?" அப்படின்னார். யோசிச்சிருந்தா அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்திருக்கு. நான் யோசிக்கல.

கடைசியில அருவிக்குத் தடை போட்டாச்சு. அந்த வருஷம் ஆடி பூரா அப்பா திண்ணையில உக்காந்து மலையில மேகம் இறங்குறதைப் பார்த்துக்கிட்டே இருமினார். சித்தரத்தைக் கஷாயம், இருமல் மருந்து மூணு பாட்டில், எக்ஸ்ரே, டிபி இருக்குமோன்னு சளிப் பரிசோதனை. ஒண்ணும் இல்ல. இருமல் மட்டும் இருந்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, "ஐயா, வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" அப்படின்னு கேட்டாங்க. அதுவரைக்கும் யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல. பிரஷர் மாத்திரைக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம்னு நெனைப்போம்? அட்டையைப் பார்த்ததும் அவங்க சிரிச்சுட்டாங்க. "இருமலுக்குக் காரணம் அருவி இல்ல, இதுதான்."

விஷயம் இதுதான். நம்ம உடம்புல ஆஞ்சியோடென்சின்னு ஒண்ணு இருக்கு. ரத்தக் குழாயை இறுக்கும், உப்பைச் சேர்த்து வைக்கும், பிரஷரை ஏத்தும். அதைத் தயார் பண்ற நொதியை மடக்குறதுதான் எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி 'ப்ரில்'ல முடியுற மாத்திரைகளோட வேலை. ஆனா அந்த நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகைனின்னு ஒரு பொருளை அப்பப்ப உடைச்சு அப்புறப்படுத்தும். நொதியை மடக்கினா அது தேங்கிப் போகும். தேங்கினா மூச்சுக்குழாயில அரிப்பு, வறட்டு இருமல். சுமாரா பத்துல ஒருத்தருக்கு வரும்னு வெச்சுக்கலாம். பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். அபூர்வமா சில பேருக்கு உதடு, நாக்கு, தொண்டை வீங்கிரும். அது ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அந்த வகை மாத்திரையை அப்புறம் தொடவே கூடாது.

இதுல ஒரு சுவாரஸ்யம். இந்த மாத்திரையோட பூர்வீகம் பாம்பு விஷம்! பிரேசில்ல இருக்குற ஜரராக்கான்னு ஒரு குழிவிரியன். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை குழிவிரியனுக்குத் தூரத்துச் சொந்தம். அதோட விஷத்துல பிராடிகைனின் வேலையைக் கூட்டுற ஒரு சரக்கு இருக்குன்னு செர்ஜியோ ஃபெரெய்ரா 1965-ல எழுதினார். அதைப் பிடிச்சுக்கிட்டே போய் அமெரிக்காவுல குஷ்மனும் ஒண்டெட்டியும் காப்டோப்ரில் கண்டுபிடிச்சாங்க. 1981-ல அது விற்பனைக்கு அனுமதி வாங்குச்சு. விஷத்துலேருந்து மருந்து!

அப்பாவுக்கு டெல்மிசார்ட்டான் மாத்திக் கொடுத்தாங்க. 'சார்ட்டான்'ல முடியுறது எல்லாம் அடுத்த தலைமுறை. முதல் ஆளு லோசார்ட்டான், 1995. இது நொதியைத் தொடாது. ஆஞ்சியோடென்சின் போய் உக்கார்ற நாற்காலியில தான் போய் உக்காந்துக்கும். அதனால பிராடிகைனின் தேங்காது, இருமல் தொல்லை இல்ல. மூணே வாரத்துல அப்பாவோட இருமல் போயே போச்சு. அதுக்குள்ள சீசனும் போயிருச்சு.

இதோட முடிஞ்சிருந்தா இது ஒரு சிரிப்புப் பதிவு. முடியல.

இருமல் நின்னதும் நான் பெரிய டாக்டர் மாதிரி அப்பாவுக்கு உபதேசம் பண்ணினேன். "இந்த மாத்திரையை என்ன ஆனாலும் ஒரு நாள்கூட விடக்கூடாது." அவர் கோயில் பிரசாதம் மாதிரி பயபக்தியா சாப்பிட்டார்.

2023 ஆடியில மறுபடி அருவி. விருந்தாளிங்க, செங்கோட்டைப் பக்கம் புரோட்டா, கோழி. அப்பாவுக்கு ரெண்டு நாள் வாந்தி, பேதி. ஏற்கனவே முட்டி வலிக்குக் கடையில வாங்கின டைக்ளோஃபெனாக் ஓடிக்கிட்டு இருந்துச்சு. சாப்பாடு இறங்கல, தண்ணி தங்கல. மாத்திரையை மட்டும் விடல. மூணாம் நாள் எந்திரிச்சா தலை சுத்துது, ஒண்ணுக்கு சரியா போகல.

ஆஸ்பத்திரியில கிரியாட்டினின் 2.9. முன்னாடி 1.1 இருந்தது. பொட்டாசியம் 5.9. அஞ்சைத் தாண்டக்கூடாது, ரொம்ப ஏறினா இதயத் துடிப்பே தாறுமாறா போகுமாம். பக்கத்து வீட்டு அத்தை பாசமா இளநீர் வெட்டிட்டு வந்து நிக்காங்க. "இளநீர்ல பொட்டாசியம் ஜாஸ்தி, இப்ப வேண்டாம்மா"ன்னு நர்ஸ் திருப்பி அனுப்பினாங்க.

டாக்டர் எனக்கு ரொம்பப் பொறுமையா விளக்கினார். உடம்புல தண்ணி வத்தும்போது சிறுநீரகம் அந்த ஆஞ்சியோடென்சினை வெச்சுத்தான் தனக்கு வேண்டிய அழுத்தத்தைத் தக்க வெச்சுக்குமாம். அந்த நேரத்துல சார்ட்டான் அதைத் தடுக்குது, வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போற ரத்தத்தைக் குறைக்குது. கூடவே நீர் பிரியுற மாத்திரையும் சேர்ந்தா இன்னும் மோசம். "விடக்கூடாதுன்னு யார் சொன்னது?"ன்னு கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்ல. "நான்தான் சார்..."ன்னு நானே சொன்னேன்.

சலைன் ஏத்தி, மாத்திரையை நிறுத்தி, ஒரு வாரத்துல கிரியாட்டினின் 1.2-க்கு வந்துச்சு. அந்த ஒரு வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் இருந்த இருப்பு... வேண்டாம், விடுங்க.

அப்புறம் அதே டெல்மிசார்ட்டானைத் திரும்ப ஆரம்பிச்சாங்க. கெட்ட மாத்திரைன்னா எதுக்குத் திரும்பக் கொடுக்கணும்? சர்க்கரை இருந்து சிறுநீர்ல புரதம் போறவங்களுக்கு சிறுநீரகத்தைக் காப்பாத்துறதே இந்த ரெண்டு வகை மாத்திரைங்கதான். பலவீனமான இதயத்துக்கும் நல்லது. சிறுநீரகத்தைக் காக்குற மாத்திரையே, நேரம் தப்பினா அதைக் கவுக்கும்ங்கிறதைப் புரிஞ்சுக்க எனக்குத்தான் நாளாச்சு.

இப்ப வீட்டுக் காலண்டர் பின்னாடி அம்மா எழுதி ஒட்டியிருக்காங்க. வாந்தி பேதின்னா அன்னைக்கே டாக்டருக்கு போன், மாத்திரையை நிறுத்தி வைக்கணுமான்னு கேக்கணும். முட்டி வலிக்குக் கடையில மாத்திரை வாங்கக் கூடாது. சோடியம் குறைச்ச உப்பு வேண்டாம், அதுல பொட்டாசியம் இருக்கு. மாத்திரை புதுசா ஆரம்பிச்சாலோ மாத்தினாலோ ஓரிரு வாரத்துல ரத்தப் பரிசோதனை. கர்ப்பமா இருக்குற பொண்ணுங்க, கர்ப்பமாகத் திட்டமிடுறவங்க இந்த ரெண்டு வகையையும் சாப்பிடக் கூடாது, குழந்தையோட சிறுநீரகத்தைப் பாதிக்கும். கடைசி வரி என் தங்கச்சிக்காக எழுதினது.

அப்பா இப்பவும் அருவிக்குப் போறார். நானும் லீவு போட்டுக் கூடப் போறேன். போன தடவை ஐந்தருவியில தலையைக் கொடுத்து நின்னப்போ ஏதோ சொன்னார், சத்தத்துல கேக்கல. வெளிய வந்து என்னப்பான்னு கேட்டேன்.

"ஒண்ணும் இல்லல. ஒரு வருசம் வீணாப் போச்சேன்னேன்."

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நீங்களா நிறுத்திராதீங்க. மாத்திரை அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. ரெண்டு மாசம் முன்னாடியே நாங்க அதைச் செஞ்சிருந்தா, அப்பாவுக்கு அந்த ஆடி கிடைச்சிருக்கும்.