கார் நிறுத்துமிடத்தில் ஒரு ராஜா

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் என் மகள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். 2018-ல் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். அம்மாவுக்கு 81 வயது. குஜராத்திக் கடைகளில் வெண்டைக்காயும் பச்சைக் கொத்தமல்லியும் கிடைத்ததில் அவளுக்குப் பரம திருப்தி. ஒரு நாள் மழை விட்டதும், அந்த ஊரின் புதுப் பெருமையைக் காட்டக் கூட்டிப்போனேன்: மூன்றாம் ரிச்சர்ட் மன்னனின் புதைகுழி.

1485 ஆகஸ்டில் பாஸ்வொர்த் போர்க்களத்தில் வெட்டுப்பட்டு இறந்தவன் ரிச்சர்ட். வென்றவர்கள் உடலைக் குதிரைமேல் போட்டு லெஸ்டருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்த பிரான்சிஸ்கன் துறவிகள் தங்கள் மடத்துத் தேவாலயத்தில் அவனை அடக்கம் செய்தார்கள். 1538-ல், எட்டாம் ஹென்றியின் காலத்தில், மடம் மூடப்பட்டது; கட்டடங்கள் இடிபட்டன. 1612-ல் அந்த இடம் ஒரு பிரமுகரின் தோட்டம். 'இங்கே ரிச்சர்டின் உடல் கிடக்கிறது' என்று பொறித்த மூன்றடித் தூண் ஒன்று அங்கே நின்றதை ஒருவர் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். பிறகு தூணும் காணாமல் போயிற்று. எலும்புகளை ஆற்றில் எறிந்துவிட்டார்கள் என்று ஊரில் கதை கட்டினார்கள். அங்கி சாம்பல் நிறம் என்பதால் அந்தத் துறவிகளுக்கு 'கிரே ஃபிரையர்ஸ்' என்று பெயர். அந்தப் பெயர் மட்டும் ஒரு தெருவுக்கு ஒட்டிக்கொண்டது. மடம் இருந்த மண்ணின் ஒரு பகுதி கடைசியில் நகராட்சியின் கார் நிறுத்துமிடமாயிற்று.

பிலிப்பா லாங்லி என்ற பெண்மணி விடாப்பிடியாக அலைந்து பணம் திரட்ட, லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் 2012 ஆகஸ்ட் 25-ல் தார்த்தரையை வெட்டினார்கள். மடம் கிடைத்தாலே போதும், மன்னன் கிடைப்பான் என்று அவர்கள் எண்ணவில்லை. முதல் நாளே இரண்டு கால் எலும்புகள் தெரிந்தன. யாருடையவையோ என்று மூடி வைத்துவிட்டு, மற்ற இடங்களைத் தோண்டினார்கள். சுவர்களின் அடித்தடம் ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. துறவிகள் நடந்த தாழ்வாரம், கூடிப் பேசிய மண்டபம், அப்புறம் தேவாலயம். கால் எலும்புகள் கிடந்த இடம் தேவாலயத்தின் பாடகர் பகுதி என்று அப்போதுதான் புரிந்தது. பழைய ஏடுகள் ரிச்சர்டைப் புதைத்ததாகச் சொன்ன இடமும் அதுதான்.

சவப்பெட்டி இல்லை. முதுகெலும்பு வளைந்திருந்தது. மண்டையில் ஆயுதக் காயங்கள். பின்னாளில் யாரோ கட்டடம் கட்டியபோது பாதங்கள் போய்விட்டிருந்தன. மன்னனின் சகோதரி வழியில் வந்த ஒரு தச்சரின் மரபணுவோடு ஒப்பிட்டு, 2013 பிப்ரவரி 4-ல் 'ரிச்சர்ட்தான்' என்று அறிவித்தார்கள். 2015-ல் கதீட்ரலில் மறு அடக்கம். சவப்பெட்டியைச் செய்தவர் அதே தச்சர்.

இப்போது குழியின்மேல் கண்ணாடித் தரை. உள்ளே எலும்புக்கூட்டின் வடிவத்தை வெளிச்சத்தால் காட்டுகிறார்கள். அம்மா வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"தலை ஏன் இப்படித் தூக்கிட்டிருக்கு?"

"குழியைச் சின்னதா வெட்டிட்டாங்கம்மா. ஆள் நீளம். அவசரத்துல திணிச்சிருக்காங்க."

அம்மா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். "அவனுக்கும் சின்னக் குழிதான் வெட்டினாங்க" என்றாள்.

எனக்கு முன்னால் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது என்று தெரியும். பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள்; குளக்கரையில் புதைத்தார்கள். அம்மாவைக் கூட்டிப்போகவில்லை. தாத்தா சொன்ன அடையாளம் மட்டும் அவளிடம் இருந்தது. எனக்கு அதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

"இவனையாவது தேடினாங்களே" என்று எழுந்துகொண்டாள்.

ஊர் திரும்பியதும் அவளை அங்கே அழைத்துப்போனேன். குளத்தைத் தூர்த்து பஸ் நிலையம் கட்டி வெகுகாலம் ஆகிறது. அம்மா இரண்டு டீ வாங்கச் சொன்னாள். குடித்து முடிக்கும் வரை சிமென்ட் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2021-ல் அம்மாவும் போய்விட்டாள். இனி இது தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதி வைக்கிறேன்: வடகரையில் மூன்றாவது புளியமரம், அதற்குக் கிழக்கே பத்தடி.