பற்று நோட்டில் ஒரு வரவு

உதவி செய்வதன் பெருமையைப் பேச ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அதை வாங்கிக்கொள்வது எவ்வளவு சங்கடம் என்பது வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். கொரோனா ஊரடங்கின்போது மதுரையில், எங்கள் தெருவில், இதைக் கண்ணால் பார்த்தேன்.

2020 மார்ச் 24 மாலை 144 தடை உத்தரவு. மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் அரசு கொடுத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆயிரம் ரூபாயில் பல வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனால் கார்டு ராமநாதபுரத்தில் கிடக்கும், ஆள் இங்கே வளவு வீட்டில் ஒற்றை அறையில் குடியிருப்பார். அவர் பெயர் எந்தப் பட்டியலில் வரும்?

நான் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வீட்டுக்கு மகன் பணம் அனுப்புகிறான், எந்த வீட்டுக்கு நகைக்கடன் நோட்டீஸ் மட்டுமே வருகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பால்காரரும் இஸ்திரி வண்டிக்காரரும் மளிகைக்கடை அண்ணாச்சியும் அதே போலத்தான். தெருப் பையன்கள் வாட்ஸ்அப்பில் கூடிப் பட்டியல் போட்டபோது, “முதல்ல இவங்க மூணு பேரையும் கேளுங்கப்பா” என்றேன். கேட்டார்கள். பாதிப் பட்டியல் மாறிப்போனது.

பையன்கள் நல்ல பிள்ளைகள். வசூல் செய்து அரிசி மூட்டை கட்டினார்கள். கூடவே செல்போனையும் எடுத்துப் போனார்கள். அப்பளம் தேய்த்துப் பிழைக்கும் ஒரு தங்கச்சி, புருஷன் இல்லை, வேலையும் நின்றுபோயிருந்தது. பையை வாசலில் வைத்து, “அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க” என்றார்கள். அவர் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். பை வாசலிலேயே இருந்தது. சாயங்காலம் நான் போனேன். “வேணாம்ண்ணே, எங்க வீட்ல இருக்கு” என்றார். இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

வழி சொன்னவர் அண்ணாச்சி. அந்த அம்மாவின் பற்று நோட்டில் நாங்கள் கொடுத்த பணத்தை வரவு வைத்துவிட்டு, “பழைய பாக்கி கழிஞ்சிருச்சும்மா, எப்பவும் போல வந்து வாங்கு” என்று சொல்லியனுப்பினார். அவரும் எப்பவும் போலவே வந்தார். புளி நயமாக இல்லை என்று சண்டையும் போட்டார். அந்தச் சண்டையைக் கேட்டபோதுதான் எனக்கு நிம்மதி. மூட்டை கட்டிக் கொடுத்திருந்தால் புளியைப் பற்றி வாய் திறந்திருப்பாரா? அதற்குப் பிறகு பல வீடுகளுக்கு நோட்டு வழியாகவே போனது. வெளியூரிலிருந்து பணம் அனுப்பிய ஒருவர் போட்டோ கேட்டார். அண்ணாச்சி கடைக் கணக்கைப் பெயர்களை மறைத்து அனுப்பினோம். அடுத்த மாதம் அவர் அனுப்பவில்லை. போகட்டும்.

அரிசியை விட மாத்திரைதான் பெரிய பாடு. தனியாக இருக்கும் பெரியவர்களுக்குச் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை பெயர் தெரியாது. “வெள்ளை, நடுவுல கோடு போட்டது” என்பார்கள். காலி அட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாசல் கொண்டியில் மாட்டச் சொன்னோம். காலையில் பையை எடுத்துப்போய், வாங்கி, அதே பையில் மீதிச் சில்லறையோடு திரும்ப மாட்டுவது இஸ்திரிக்காரர் வேலை. வண்டி ஓடாமல் அவரும் வருமானம் இல்லாமல்தான் இருந்தார். ஒரு தொகை பேசி, சம்பளம் என்றே சொல்லிக் கொடுத்தோம். ஏப்ரல் 26 முதல் 29 வரை மதுரையில் முழு ஊரடங்கு, மளிகைக்கடையும் கிடையாது. முந்தின நாள் கடைகளில் அவ்வளவு நெரிசல். அதற்குள் கிழவர்கள் போய் நிற்க முடியுமா? அன்றைக்கு அவர் சைக்கிள் எத்தனை நடை போனதென்று அவருக்கே தெரிந்திருக்காது.

வாங்குகிறவருக்கும் கொடுக்கிற ஆசை இருக்கும். பூல்பாண்டியை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யாசகம் பெற்ற பணத்தைச் சேர்த்து, 2020-இல் 10,000 ரூபாய், 10,000 ரூபாயாகப் பலமுறை மாவட்ட ஆட்சியரிடம் கொரோனா நிதிக்குக் கொடுத்தவர். பலரும் அதை அதிசயமாகப் பேசினார்கள். எனக்கு அது அதிசயமாகப் படவில்லை. அப்பளக்கார அம்மா பக்கத்து அறையில் தங்கியிருந்த இரண்டு கட்டடத் தொழிலாளிகளுக்கு ரசம் வைத்துக் கொடுத்ததையும் பார்த்தவன் நான்.

தெரு முழுக்க இப்படி இருந்தது என்று சொன்னால் பொய். ஜூன் 24 முதல் மறுபடியும் கடுமையான ஊரடங்கு. அந்தச் சமயத்தில் ஒரு வீட்டில் நோய் வந்து வாசலில் தகரம் அடித்தார்கள். அதுவரை மாத்திரைப் பையை மாட்டிய தெருவே அந்த வீட்டைச் சுற்றிப் போனது. பால்காரர்கூடப் பாக்கெட்டைத் தூர நின்று வீசினார். பயம், யாரையும் திட்டிப் பயனில்லை. மாடியிலிருந்து மாடிக்குக் கயிறு கட்டி வாளியில் சாப்பாடு இறக்கியவர், அந்த வீட்டோடு சுவர்த் தகராறில் பல வருஷமாகப் பேசாமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரர்.

சுவர் வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு இப்போது இருவரும் ஒரே ஆட்டோவில் போகிறார்கள்.