பிரிவும் பழியும்

காதலில் தோற்ற வாலிபனுக்கு ராயபுரத்தில் ஆறுதல் சொல்ல ஆள் கிடைக்காமற் போகலாம். பாட்டு கிடைக்காமற் போகாது. கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வரை நடந்து பாருங்கள். ஏதாவதொரு ஆட்டோவிலோ டீக்கடையிலோ, ஒருத்தி ஒருவனை விட்டுப்போன கதை கானாவாக ஒலித்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பாட்டுகளை இழிவாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. கொச்சையில் அழுகிறவனுடைய கண்ணீர், இலக்கணச் சுத்தமாக அழுகிறவனுடைய கண்ணீரைவிட உப்புக் குறைந்ததல்ல. என் வழக்கு வேறு. அழட்டும், ஆனால் பழியை எங்கே கொண்டுபோய் வைக்கிறான்?

2011 நவம்பரில் வெளிவந்து உலகத்தையே சுற்றிய 'ஒய் திஸ் கொலவெறி டி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். '3' என்ற படத்துக்காக அனிருத் இசையமைத்து, தனுஷ் எழுதிப் பாடியது. விளையாட்டான பாட்டுதான். ஆனால் தலைப்பிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது: கொலைவெறி அவளுடையது, இவன் பாவம். கேட்டவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிப்போடு சேர்ந்து உள்ளே போவதுதான் வெளியே வராமல் தங்கிவிடுகிறது.

சீமையிலும் இந்தத் துக்கம் உண்டு. 2004 ஜூலையில் பிரிட்டனின் பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்தது 'டிரை யுவர் ஐஸ்'. 'தி ஸ்ட்ரீட்ஸ்' என்ற பெயரில் மைக் ஸ்கின்னர் என்ற இளைஞர் பாடியது. பாடியது என்பதைவிடப் பேசியது என்பதே சரி. காதலி விலகுகிறாள். இவன் கெஞ்சுகிறான். அவள் மனம் மாறவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள் என்று சிநேகிதன் தோளைத் தட்டுவதுபோல் பல்லவி வருகிறது. அவ்வளவுதான். அவளுக்கு ஒரு வசவு கிடையாது.

இதைக் கேட்டபோது எனக்கு நம் ஊர்ச் சாவு வீட்டுக் கானாதான் ஞாபகம் வந்தது. விடிய விடியப் பாடுவார்கள். இறந்தவரின் அருமை பெருமை, அவர் பெற்ற பிள்ளைகள், எல்லாம் பாட்டில் வரும்; போனவர்மீது பழி மட்டும் வராது. அப்படிப் பாடுகிற ராயபுரத்துப் பெரியவர் ஒருவரிடம், காதல் கானாவில் மாத்திரம் ஏன் பெண்ணைத் திட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"திட்னா கை தட்றான் சார். சாவு ஊட்ல யாரு கை தட்டுவான்?" என்றார்.

சிரித்துவிட்டுப் போகிற பதில் அல்ல அது. 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில், தன்னை மறுத்த ஒரு மாணவியை ரயிலின் முன்னே தள்ளிக் கொன்றான் ஒருவன். 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. எந்தப் பாட்டும் அவன் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் மறுப்பவள் குற்றவாளி என்ற நினைப்பு காற்றிலேயே மிதக்கிற ஊரில், அந்தக் காற்றுக்குத் தாளம் போடுகிறவர்களுக்குப் பொறுப்பே இல்லையா?

கானாவுக்கு வேறு வழி தெரியாமலில்லை. 2012-இல் 'அட்டகத்தி' படத்தில் கானா பாலா பாடிய கப்பல் பாட்டு, ஒருதலைக் காதல் கரை சேராது என்ற நியாயத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிடுகிறது. சட்டம் படித்தவர் அவர். ஆனாலும் அந்தப் பாட்டில் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை.

போனவர் திரும்புவதில்லை என்பதைச் சாவுக் கானா அறியும். அழுது தீர்த்துவிட்டு, காலையில் வலையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும் என்பதையும் அறியும். அந்த அறிவு காதல் கானாவுக்கும் வந்துவிட்டால் போதும். பெரியவர் பாடத் தயாராகத்தான் இருக்கிறார். எதற்குக் கை தட்டுவது என்பதை நீங்களும் நானும்தான் தீர்மானிக்க வேண்டும்.